ஏழாம் நம்பர் ஸ்டிக்கர்

முத்தியால்பேட்டையில் கூடை தூக்கி வரும் மீன்காரர்களுக்கு அன்னக்கிளி வீட்டு வாசல் நெருங்கினால் கால் தானாக வேகம் எடுக்கும். அவள் கூப்பிட்டுவிட்டால் அரை மணி நேரம் போச்சு. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அழுத்திப் பார்ப்பாள், வாலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தால் அதுவே அவளுக்குப் புதுச் சந்தேகம். "இவ்ளோ நல்லா இருக்கிற மீனை இந்த வெலைக்கு ஏன் குடுக்குற?" என்பாள். வீராம்பட்டினத்திலிருந்து வரும் செல்வாம்பாள் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "ஏம்மா, மீனைக் கொழம்பு வெக்கப் போறியா, கட்டிக்கப் போறியா?" என்று கேட்டேவிட்டாள்.

கட்டிக்கப்போன ஆளையும் அன்னக்கிளி அப்படித்தான் பார்த்தாள். ராஜவேல் பெண் பார்க்க வந்தபோது பஸ் ஸ்டாண்டிலிருந்து டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். காபி டம்ளரை நீட்டிவிட்டு, "லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டாள் பெண். இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. "கொஞ்சம் காட்டுங்க" என்றாள். கூடத்தில் இருந்த பெரியவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். முடிவதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் அவள் தலையாட்டினாள். இருபத்துநாலு வருஷமாக ராஜவேல் இந்தக் கதையைத் தன் டெம்போவில் ஏறுகிறவர்களுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். லைசென்ஸைப் புதுப்பிக்க மட்டும் ஒரு தடவைகூட மறந்ததில்லை.

இந்தக் குணத்தைச் சொந்தக்காரர்கள் வியாதி என்றார்கள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனி அதற்குச் சம்பளம் கொடுத்தது.

தண்ணீர் கொதிக்க வைக்கும் கரண்டு கெட்டில் செய்கிற கம்பெனி அது. தன் பெயரில் ஒன்றையும் விற்பதில்லை. ஒரே கெட்டில் நாலு பெயரில், நாலு நிற டப்பாவில் வெளியே போகும். கடைசி மேசையில் அன்னக்கிளி உட்கார்ந்திருப்பாள். கெட்டிலின் ஒயரை மிஷினில் செருகி, கெட்டிலின் உடம்பில் ஒரு கிளிப்பை மாட்டி, பொத்தானை அழுத்த வேண்டும். வீட்டுக் கரண்டைவிடப் பல மடங்கு உள்ளே பாயும். எங்காவது கசிவு இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மிஷின் அலறும். இல்லாவிட்டால் பச்சை. பச்சை வந்ததை எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஒரு சின்ன வெள்ளி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அதில் பார்த்தவரின் நம்பர் இருக்கும். அன்னக்கிளியின் நம்பர் ஏழு.

பொத்தானை அழுத்திவிட்டு பத்து எண்ண வேண்டும் என்பது மிஷின் வந்த நாளில் சொல்லிக்கொடுத்தது. சில கெட்டில்கள் மூணு நாலு வரைக்கும் பரம சாதுவாக இருந்துவிட்டு அப்புறம் பல்லைக் காட்டும். அன்னக்கிளி உதட்டை அசைத்துப் பத்து எண்ணுவாள். எட்டில் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பத்து முடிந்த பிறகுதான் "இன்னா?" என்பாள். ஸ்டிக்கரையும் கோணலாக ஒட்ட மாட்டாள். அடியில் உள்ள திருகுக்கு வலது பக்கம், கோடு போட்டது போல நேராக இருக்கும்.

மகள் அபிக்கு அந்த ஏழாம் நம்பரில் பள்ளிக்கூட நாளிலிருந்தே பெருமை. நேரு வீதியில் துணி எடுக்கப் போனால் பாத்திரக்கடைக்குள் நுழைந்து கெட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பாள். ஏழு அகப்பட்டால் கடைக்காரரிடமே கொண்டுபோய், "இது எங்கம்மா பாத்தது, நம்பி வாங்கலாம்" என்று சொல்வாள். வாய்க்கு வாய் எதிர்க்கேள்வி கேட்கிற பெண்தான். அப்பா சொன்னால் ஏன் என்பாள், டீச்சர் சொன்னால் எதற்கு என்பாள். அம்மா ஒரு பொருளைப் பார்த்துச் சரி என்றுவிட்டால் மட்டும் அதை மறுபடி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். ஊரில் ஒருவரையும் நம்பாத அன்னக்கிளிக்கு, தன்னை மறுபேச்சில்லாமல் நம்புகிற ஒரு ஜீவன் வீட்டிலேயே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் பெரிதாக நினைத்தது அதைத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் விஜயராகவன் சூப்பர்வைசராக வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். அதுவே அன்னக்கிளிக்குச் சரியாகப் படவில்லை. அவர் வந்த பிறகு கெட்டிலின் அடித்தட்டில் நாலு திருகு மூன்றானது. தண்ணீர் கம்பிக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம் மெலிந்துபோனது. பத்து எண்ணுவது ரெண்டு எண்ணுவதானது. "ரெண்டு போதும்மா, டார்கெட் பாருங்க" என்றார். கம்பெனியை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒரு பிரியாணி வாங்குகிற காசுக்குக் கெட்டில் வேண்டும், அதுவும் நாளைக்கே வாசலில் வந்து விழ வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம்தானே. கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று வாங்கும்போதே முடிவு செய்துவிடுகிறோம். அப்படி நினைத்து வாங்குகிறவனுக்கு அப்படி நினைத்துச் செய்கிறவன் கிடைக்காமல் போவானா?

அன்னக்கிளி மட்டும் பத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் மேசையில் எப்போதும் இரண்டு தட்டு கெட்டில் பாக்கி நிற்கும். அதைச் சமாளிக்க ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த வேம்புவைப் பக்கத்து மேசையில் போட்டார்கள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், வேகமான கை. அந்த வேகமே அன்னக்கிளிக்கு மூக்கில் வியர்க்கப் போதுமானதாக இருந்தது.

செப்டம்பரில் சேரச் சொல்லி அபிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பெண்கள் விடுதியில் இடம் பார்க்க அன்னக்கிளியே போய், ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்து, வார்டனிடம் குறுக்கு விசாரணை நடத்தி, தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ் ஏற்றிவிடப் போன அன்று டிரைவரின் கண் சிவந்திருக்கிறதா என்று முன்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்ததில் அபிக்குத்தான் மானம் போயிற்று.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அபியிடமிருந்து செல்போனில் ஒரு படம் வந்தது. கவிழ்த்து வைத்த கெட்டிலின் அடிப்பக்கம். வெள்ளி ஸ்டிக்கர். ஏழு. படம் வந்த கையோடு அவளே கூப்பிட்டாள்.

"மா, பாத்தியா? ஆன்லைன்ல வாங்குனேன். கவுத்துப் பாத்தா நீ! ரூம்ல எல்லாருக்கும் காட்டிட்டேன். எங்கம்மா பாத்த கெட்டில், கண்ண மூடிக்கினு வாங்கலாம்னு சொன்னேன். ரூபி உடனே ஆர்டர் போட்டுட்டா."

ரூபி அபியின் அறைத்தோழி, அவளும் பாண்டிச்சேரிப் பெண்தான். அன்னக்கிளிக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்டிக்கர் சாய்ந்திருந்தது. திருகுக்கு வலது பக்கம் இல்லை, மேலேயே பாதி ஏறியிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கை ஒரு ஸ்டிக்கரை இப்படி ஒட்டியதில்லை. பக்கத்தில் அச்சடித்திருந்த தேதி செப்டம்பர் ஆறு.

"அபி, அதைக் கரண்டுல செருகாத."

"ஏம்மா? உன் நம்பர்தான?"

"சொன்னாக் கேளு. லீவுக்கு வரும்போது எடுத்துக்கினு வா. நான் பாக்கணும்."

அபி சிரித்தாள். "இப்ப உன்னையே சந்தேகப்படறியா?"

"என்னை இல்ல" என்றாள் அன்னக்கிளி.

யாரை என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அவள் மேசை இழுப்பறையில் ஸ்டிக்கர் சுருள் இருப்பது ஒருத்திக்குத்தான் தெரியும். தான் டீ குடிக்கப் போகும்போதும் லீவு எடுக்கும்போதும் அந்த மேசையைத் தொடுவது ஒருத்திதான். பார்க்காமல் தள்ளிய கெட்டிலில் தன் நம்பரை ஒட்டாமல் அடுத்தவள் நம்பரை ஒட்டிவிட்டால் பழி அடுத்தவள் தலையில்தானே விழும். செப்டம்பர் ஆறு என்ற தேதி மட்டும் அவளுக்குள் எங்கேயோ முள்ளாகக் குத்தியது. குத்தியதையும் சேர்த்து வேம்புவின் கணக்கிலேயே எழுதிவிட்டாள்.

அன்றிலிருந்து ஸ்டிக்கர் சுருள் சாப்பாட்டுப் பைக்குள் போய்விட்டது. கழிப்பறைக்குப் போனாலும் பை கூடவே போகும். பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் கவனித்தாள். வேம்பு பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இவளும் மனதுக்குள் எண்ணினாள். ரெண்டு. ரெண்டு. ஒரு தடவை ஒன்றரைகூட இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வேம்பு வழக்கம்போலக் கொஞ்சம் கத்திரிக்காய்ப் பொரியல் எடுத்து வைக்க வந்தபோது, வயிறு சரியில்லை என்று தட்டை மூடிக்கொண்டாள். வேம்புவின் முகம் சுருங்கியது. குற்றமுள்ள முகம் அப்படித்தான் சுருங்கும் என்று அன்னக்கிளி நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அபி வந்தாள். நாலு நாள் லீவு. பஸ் காலாப்பட்டைத் தாண்டியதும் போன் பண்ணச் சொல்லியிருந்ததால் பண்ணினாள். வீட்டுக்குள் வந்து பையை வைத்ததும் அன்னக்கிளி முதலில் கேட்டது கெட்டிலைத்தான். டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே பளபளவென்று இருந்தது. மூன்று திருகும் இருந்தன.

"ரூபிக்கும் வந்துடுச்சு மா. அவளதும் ஏழுதான். நேத்துல இருந்து அதுலதான் எல்லாருக்கும் டீ" என்றாள் அபி.

அன்னக்கிளி கெட்டிலைக் கீழே வைத்தாள். "அதுல தேதி இன்னா போட்டிருக்குது?"

"அதெல்லாம் யாரு பாத்தா? உன் நம்பரைப் பாத்தோம், போதாதா?"

ராஜவேல் சாப்பிட்டுக்கொண்டே, "கிளி, ஒரு கெட்டிலை வெச்சிக்கினு கொலை கேசு மாதிரி பாக்குறியே" என்றார். அன்னக்கிளியைப் பொறுத்தவரை அது அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கெட்டிலைச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு எடுத்துப் போனாள். கம்பெனி வாசலில் வெளியே வருகிற பையைத்தான் துழாவுவார்கள். உள்ளே போகிற பையை யாரும் சீண்டுவதில்லை. இங்கே செய்த பொருளை எவனாவது திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே வருவான் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை போலிருக்கிறது.

பத்து மணி டீக்கு எல்லோரும் எழுந்து போன பிறகு கெட்டிலை எடுத்து மிஷினில் மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். ஒண்ணு, ரெண்டு. பச்சை. ரெண்டோடு எடுத்திருந்தால் அது நல்ல கெட்டில். மூணு, நாலு. அவள் கண்ணை எடுக்கவில்லை. அஞ்சு. ஆறு என்று உதடு அசைந்தபோது சிவப்பு எரிந்து மிஷின் அலறியது.

காலியான கூடத்தில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அன்னக்கிளி ஒயரைப் பிடுங்கினாள். தண்ணீர் ஊற்றிச் செருகி, ஈரக் கையால் அபி அதன் கைப்பிடியை எடுக்கப் போவதை நினைத்தாள். அப்புறம் அந்த ரூபி என்கிற பெண்ணை நினைத்தாள். பயமும் கோபமும் ஒன்றாகத் தலைக்கு ஏறின.

டீ டம்ளரோடு வேம்பு ஓடி வந்தாள். "இன்னாக்கா ஆச்சு?"

"நீயே சொல்லு இன்னா ஆச்சுன்னு." கெட்டிலைக் கவிழ்த்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது யாரு ஒட்டுனது? செப்டம்பர் ஆறாந் தேதி. என் நம்பரு. என் பொண்ணு கைல வந்து சேந்திருக்குது. என் சுருளை எடுத்து ஒட்டுனியா இல்லியா? உண்மையச் சொல்லிடு."

வேம்பு ஸ்டிக்கரைப் பார்த்தாள். அப்புறம் அன்னக்கிளியைப் பார்த்தாள். அவள் குரலில் பயம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"அக்கா, அன்னிக்குத்தான அபி சென்னைக்குப் போச்சு? நீங்க பதினோரு மணிக்கே கெளம்பிட்டீங்க."

அன்னக்கிளி கெட்டிலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு தட்டு பாக்கி நின்னுச்சு. தொண்ணூத்தாறு பீசு. சார் முடிச்சிட்டுத்தான் போகணும்னுட்டாரு. வெளியே அண்ணன் டெம்போவ வெச்சிக்கினு ஆரன் அடிச்சிக்கினே இருந்தாரு. நீங்கதான் மடமடன்னு எல்லாத்துக்கும் ஒட்டுனீங்க. ஒட்டிட்டு, 'நான் ஒட்டி வெச்சிட்டேன், நீ மிஷின்ல ஒருவாட்டி வெச்சு எடுத்துடு'ன்னு சொல்லிட்டு ஓடுனீங்க."

"வெச்சு எடுத்தியா?"

"ரெண்டு மூணு வெச்சேன். பச்சைதான் வந்துச்சு. அப்புறம் வுட்டுட்டேன்."

"ஏன் வுட்ட?" என்றாள் அன்னக்கிளி.

வேம்பு டீ டம்ளரை மேசையில் வைத்தாள். "எல்லாத்துலயும் உங்க நம்பரு இருந்துச்சுக்கா. வேற யாரு நம்பரா இருந்தாலும் வெச்சுப் பாத்திருப்பேன். உங்க நம்பருக்கு மேல நான் இன்னாத்தப் பாக்குறது?"

அன்னக்கிளி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தக் காலை முழுவதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. மறந்துபோய்த் திரும்பி வந்த ஞாபகம் இல்லை. தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தது. ஹாரன் சத்தம். ஸ்டிக்கர் உரியும்போது நகத்தில் ஒட்டிக்கொண்டது. ஒன்று சாய்ந்தபோது, எடுத்து நேராக ஒட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தது. நேரமில்லை என்று அடுத்ததை எடுத்தது. வேம்புவிடம் சொல்லியாயிற்று, அவள் பார்த்துக்கொள்வாள் என்று தன்னையே தேற்றிக்கொண்டு ஓடியது. வேம்பு எண்ணுவது ரெண்டு என்று தெரிந்தேதான் சொன்னாள். போய்ச் சேர்ந்து அவள் செய்த காரியம், பஸ் டிரைவரின் கண்ணைப் பார்த்தது. ஊரிலுள்ள கை எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், தன் கையை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"அந்தப் பொரியலுக்கு மன்னிச்சுக்க" என்றாள் வேம்புவிடம். வேம்புவுக்கு அது எதற்கு என்று விளங்கியிருக்காது.

விஜயராகவன் தன் அறையில் கெட்டிலை வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "இதுக்கா இவ்ளோ? ஒண்ணுதானம்மா. ஸ்டோர்ல புதுசா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, கேட்டுல நான் சொல்லிடுறேன்."

"ஒண்ணு இல்ல சார். தொண்ணூத்தாறு. எங்கெங்க போச்சுன்னு பாத்துத் திருப்பி வாங்கணும்."

"அது எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாலு பேர்ல நாலு ஊருக்குப் போயிருக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாருங்க. இதை நீங்க எழுதிக் குடுத்தா மேல இருக்கிறவங்க திருகு மூணா நாலான்னு பாக்க மாட்டாங்க. ரப்பரைப் பாக்க மாட்டாங்க. ஏழுங்கிற நம்பரைத்தான் பாப்பாங்க. பன்னெண்டு வருஷ நல்ல பேரு. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

தனக்காகச் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அது தனக்காக இல்லை என்பது அன்னக்கிளிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பேசாமல் புதுக் கெட்டிலை எடுத்துக்கொண்டு போகலாம். ரூபிக்கும் ஒன்று கேட்டால் இந்த மனிதர் கொடுப்பார். மீதித் தொண்ணூற்று நாலு பேரும் யாரோ எவரோ.

"பேப்பர் குடுங்க சார்" என்றாள்.

செப்டம்பர் ஆறு, தொண்ணூற்றாறு கெட்டில், சோதிக்காமல் ஸ்டிக்கர் ஒட்டியது நான், நம்பர் ஏழு என்று எழுதினாள். இரண்டாவது தாளிலும் அதையே எழுதி, பெற்றுக்கொண்டேன் என்று அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. போட முடியாது என்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் போட்டார். வெளியே வந்து கதவோரம் கொஞ்ச நேரம் நின்று, உள்ளே தாள் கிழிபடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்கவில்லை. அதனால் அது மேலே போகும் என்று அவள் நம்பிவிடவில்லை. அன்று மத்தியானமே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஸ்டிக்கர் சுருளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கம்பெனி வேனில் வீடு திரும்பும்போது அவள் நினைத்ததெல்லாம் அபியைத்தான். வேலை போனால்கூட ராஜவேலின் டெம்போ இருக்கிறது. இதை அபியிடம் எப்படிச் சொல்வது? கெட்டில் பழுது, வேறு வாங்கிக்கலாம் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மை. ரூபியிடம் உள்ளதையும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாம். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரும்வரை அவள் அந்தச் சாக்கைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றும் முன்பே, "அபி, ரூபிக்குப் போன் போடு. கெட்டிலைத் தொட வேணாம்னு சொல்லு. கரண்டு கசியுது" என்றாள்.

அபி எழுந்து நின்றுவிட்டாள். "எப்படிமா கசியும்? உன் நம்பரு இருக்குதே?" அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள். "அந்த வேம்பக்காதான? உன் ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிட்டாங்க, கரெக்டா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அபி நம்புவாள். இதுவரை நம்பியதுபோலவே நம்புவாள்.

"இல்ல" என்றாள் அன்னக்கிளி. "நான்தான் ஒட்டுனேன். பாக்காம ஒட்டுனேன். நீ ஊருக்குப் போன அன்னிக்கு. அவசரத்துல."

அபி போனை எடுத்து ரூபியைக் கூப்பிட்டாள். "ரூபி, கெட்டில் போட்டிருக்கியா? ஆஃப் பண்ணு. ஒயரைப் புடுங்கு. கைய நல்லாத் தொடச்சிட்டு புடுங்கு." அந்தப் பக்கம் ரூபி ஏதோ கேட்டாள். "ஆமா, எங்கம்மா நம்பர்தான்" என்றாள் அபி. "அதனாலதான் சொல்றேன், போடாத."

அன்னக்கிளி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

சனிக்கிழமை முழுவதும் அபி நன்றாகத்தான் பேசினாள். சிரித்தாள், அப்பாவோடு கடற்கரைக்குப் போய்விட்டு வந்தாள். ரூபி கெட்டிலைக் கழற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாகவும் தேதி அதே ஆறுதான் என்றும் சொன்னாள். "எழுதிக் குடுத்தேன்" என்று அன்னக்கிளி சொன்னதற்கு, "நல்லதுதாம்மா" என்றாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்னக்கிளிக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ். அன்னக்கிளி விடியலில் எழுந்து புளிசோறு கிளறி, ஆறவைத்து, வாழையிலையில் மடித்து, பேப்பர் சுற்றி நூல் கட்டினாள். அபி கட்டில்மேல் பையைத் திறந்து துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை அவளிடம் கொடுத்தாள்.

"காலைல செஞ்சதுதான். ராத்திரி வரைக்கும் ஒண்ணும் ஆவாது."

"சரிம்மா" என்று வாங்கிக்கொண்டாள் அபி. பைக்குள் வைக்கப் போனவள் நின்றாள். நூலைத் தளர்த்தி, இலையின் ஒரு மடிப்பை மட்டும் விலக்கி, குனிந்து மோந்து பார்த்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. அம்மா பார்க்கிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மோந்து பார்த்துவிட்டு, மறுபடி மடித்து, நூலைக் கட்டிப் பைக்குள் வைத்தாள்.

அன்னக்கிளி வாழ்நாளெல்லாம் பிறரிடம் செய்ததுதான் அது. தனக்கு நடக்கும்போது நெஞ்சுக்குள் அது எங்கே போய்த் தைக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அபியின் மேல் ஒரு குறையும் அவளால் சொல்ல முடியவில்லை.

"நல்லா இருக்குதா?" என்று கேட்டாள்.

அபி நிமிர்ந்து பார்த்தாள். "இருக்குதும்மா" என்றாள்.

வெளியே ராஜவேல் டெம்போவைக் கிளப்பிவிட்டார். அன்னக்கிளி பையைத் தூக்கிக்கொண்டு போய் அதில் வைத்தாள்.